உப்பு பார்க்காத சமையல் கல்லூரி

இறக்குவதற்கு முன்னால் சட்டியில் உப்பு பார்ப்பது குற்றம் என்று எனக்குச் சொன்ன இடம் கோயில் மடப்பள்ளி இல்லை. ஒரு கேட்டரிங் கல்லூரி. வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு, போர்டில் உயரத் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் படம், உள்ளே வரிசையாக கேஸ் அடுப்புகள், சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ். அங்கே சமையல் சொல்லித்தரப் போனவள், துண்டு மடிக்கச் சொல்லித்தருகிறவளாக முடிந்தேன். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. வரவும் வேண்டாம்.

நான் முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் படுத்த பிறகு ஒரு துணிக்கடை வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கப் போகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. "சோறாக்கறதுக்கு காலேஜா? உங்க அம்மாகிட்ட கேட்டா சும்மாவே சொல்லிக் குடுப்பாளே" என்று பக்கத்து வீட்டு அத்தை குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்பா மட்டும்தான் தடுக்கவில்லை. "மில்லு நின்னு போச்சு. ஜனங்க சாப்புடறது நிக்காது. நீ போயிப் படி" என்றார். அவருக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது.

படித்து முடித்து சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் கிச்சனில் சில வருஷம் இருந்தேன். பெண்ணென்றால் கேக் செய்யும் பக்கம், இல்லாவிட்டால் சாலட் வெட்டும் மூலை. நான் சண்டை போட்டுத்தான் அடுப்பு முன்னால் வந்து நின்றேன். என் முன்கையில் இன்றும் எண்ணெய் தெறித்த தழும்பு வரிசையாக இருக்கிறது. அந்தக் கிச்சனில் ஒரு சட்டியை ருசி பார்க்காமல் இறக்கினால், அன்றைக்கு வாங்கும் திட்டு ஆயுசுக்கும் போதும். நாக்கை நம்பித்தான் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இது எனக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போனது.

அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டபோது ஊருக்கே திரும்பி வந்தேன். அது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். கேட்டரிங் படித்தால் கப்பலில் வேலை, கை நிறையச் சம்பளம் என்று பாண்டிச்சேரியைச் சுற்றி எல்லா ஊரிலும் ஒரே பேச்சு. அரிசி மில்லும் கல்யாண மண்டபமும் வைத்திருந்த ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு கல்லூரியும் ஆரம்பித்திருந்தார். அவர்தான் சேர்மன். "பொம்பளப் புள்ளையா இருக்கியேம்மா, அடுப்படிய சமாளிப்பியா?" என்று இண்டர்வியூவில் கேட்டார். சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். சிரித்துவிட்டு, கிச்சன் லேபை எனக்கே கொடுத்தார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, என் வாழ்க்கைக்கு ஒரு அடுப்பு கிடைத்துவிட்டது என்று நான் அழுதது உண்மை. அந்த அழுகையை நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது.

பிள்ளைகள் பாகூர், வில்லியனூர், திருக்கனூர் பக்கத்து விவசாய வீடுகளிலிருந்து வந்தவர்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். "ஒண்ணால சட்டியிலேர்ந்து எடு. இன்னொண்ணுல ஊத்து. அத மட்டும் வாயில வை. மொத ஸ்பூன் உன் வாயப் பாக்கக் கூடாது, ரெண்டாவது ஸ்பூன் சட்டியப் பாக்கக் கூடாது" என்றேன். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "எச்சில் ஆயிடும் மேம்" என்றான் ஒருவன். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். சாமிக்கோ விருந்தாளிக்கோ வைப்பதற்கு முன்னால் சமைக்கிற கை வாய்க்குப் போகக் கூடாது. கொதிக்கிற வாசனையை வைத்தே உப்பு சரியா என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு அது போதும். நூறு பேருக்கு, தெரியாத ஊர்ச் சாப்பாட்டை, தினமும் ஒரே ருசியில் சமைக்க அது போதாது. இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் தொண்டை வறண்டது. முதலில் பிடித்துக்கொண்டவள் அந்தக் கனகசெட்டிக்குளத்துப் பெண்தான்.

கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. லேபில் எது சமைத்தாலும் முதல் பங்கு கேரியரில் சேர்மன் வீட்டுக்குப் போகும். மணி பன்னிரண்டு அடித்தால் டிரைவர் கேரியரோடு வாசலில் நிற்பார். பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் சாப்பிடலாம். முதலாளி வீட்டு ஆசை, போகட்டும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் கேரியரை எடுத்துப்போக டிரைவர் வரவில்லை. சேர்மன் வீட்டம்மாவே வந்தார், உறவுக்காரப் பெண்கள் சிலருக்குக் கல்லூரியைச் சுற்றிக்காட்ட. நான் அடுப்பில் கோழிக்கு வெள்ளை சாஸ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஒரு ஸ்பூனில் எடுத்து இன்னொன்றில் ஊற்றி வாயில் வைத்தேன்.

"இந்தாம்மா, இன்னா பண்ற?"

"உப்பு பாக்கறேம்மா."

"வூட்டுக்கு எடுத்து வச்சாச்சா?"

"இல்லம்மா, இப்பதான் எறக்கப் போறேன்."

அந்த முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். இருந்தும் பைத்தியக்காரி மாதிரி இரண்டு ஸ்பூனையும் தூக்கிக் காட்டி விளக்கினேன். எச்சில் எப்படிச் சட்டிக்குள் போகவே முடியாது என்று வகுப்பு எடுத்தேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "உங்க வூடு முதலியார்பேட்டைல எந்தப் பக்கம்?" என்றார்.

"மில்லுக்குப் பின்னாடிம்மா."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்தில் எங்கள் தெரு, எங்கள் சனம், அப்பாவின் பெயர், எல்லாவற்றையும் எடை போட்டு முடித்துவிட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்வியை யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன. அன்று கேரியர் காலியாகத் திரும்பிப் போனது. மறுநாள் காலையில் நான் போகும்போது, லேப் பாத்திரங்களை எல்லாம் முற்றத்தில் போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் தரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த வாடை அடித்தது.

சேர்மன் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதம்மா. அவ கொஞ்சம் ஆசாரம் பாக்கறவ. நீ ஹவுஸ்கீப்பிங் எடுத்துக்க. பொம்பளைங்களுக்கு அதான் பாந்தமா இருக்கும்." கிச்சன், எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு சாருக்குப் போனது. அவர் ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்தவர். தொப்பியை மட்டும் நேராக வைத்துக்கொள்ளத் தெரியும். கேரியர் போகும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. கேரியர் போகும்போது அடுப்பு அணைந்திருக்கும். அதற்குப் பிறகு உப்பு பார்த்து யாருக்கு என்ன லாபம்.

வீட்டில் வந்து அம்மாவிடம் குமுறினேன். அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "அவங்க சொல்றதுல இன்னாடி தப்பு? அடுத்தவங்களுக்கு வக்கிறதுக்கு மின்னாடி வாயில வக்கலாமா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு சாப்பிடவில்லை. சேர்மன் வீட்டம்மா மீது வந்ததைவிட அம்மா மீதுதான் அதிகம் வந்தது. மில்லுக்குப் பின்னால் என்று சொன்னதும் அந்தம்மா "ம்" என்றதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கை முறத்திலேயே நின்றுபோயிருக்கும்.

வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாம். அப்பா படுத்த படுக்கை, வெளியூர் போக வழியில்லை, உள்ளூரில் வேறு கல்லூரி ஒரு பெண்ணைக் கிச்சனில் விடத் தயாராக இல்லை. அதனால் படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, துண்டை அன்னப்பறவையாக எப்படிச் சுருட்டுவது, கண்ணாடியைக் கோடு விழாமல் எப்படித் துடைப்பது என்று சொல்லித்தந்தேன். கேவலமான வேலை இல்லை அது. அதை ஆசைப்பட்டுச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதைத் தண்டனையாகக் கொடுத்தார்கள், அதுதான் கசப்பு. ஜன்னல் வழியாகக் கிச்சனிலிருந்து வெங்காயம் கருகும் வாடை வரும்போது, கால் தானாக எழுந்து நிற்கும்.

கிச்சன் எப்படிப் போனது என்று கேட்க வேண்டாம். பிள்ளைகள் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். "உங்க பசங்களுக்கு எல்லாம் தெரியுது, சாப்பாட்ட வாயில வச்சுப் பாக்க மட்டும் தெரியல" என்று அங்கிருந்து பேச்சு வந்தது. "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுப்பு இல்ல" என்று சேர்மன் தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் பிரெஞ்சுக்காரர் வந்தார். சேர்மனின் மச்சான் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர், பாரீசில் பாதி வருஷம், இங்கே பாதி வருஷம். அவருக்குத் தெரிந்த ஒரு ரிடையர்டு சமையல்காரர், அந்த ஊரில் பெயர் எடுத்தவராம், குளிர்காலம் ஆனால் இங்கே பீச்சுக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்குவார். அவர் கல்லூரிக்கு ஆலோசகராக இருக்கச் சம்மதித்தால் பிள்ளைகளைப் பிரான்சுக்குப் பயிற்சிக்கு அனுப்பலாம், விளம்பரத்தில் அவர் படம் போடலாம். அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அவர் ஊர் முறையில் மீன் சூப் வைக்க வேண்டும் என்று முடிவானது. தொப்பி சாருக்கு அது எந்தப் பக்கம் ஆரம்பிக்கும் என்றே தெரியாது. நான் சென்னையில் எத்தனையோ முறை வைத்திருக்கிறேன்.

சேர்மன் மறுபடி என்னைக் கூப்பிட்டார். "நீ நின்னு செஞ்சு குடும்மா. நல்லபடியா முடிஞ்சா கிச்சன் திரும்ப உனக்குத்தான். வார்த்த தரேன்." நான் எழுந்து கதவுவரை வந்த பிறகு பின்னாலிருந்து, "ஆனா அந்த விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றார்.

அந்தக் காலையில் கனகசெட்டிக்குளத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். கொடுவாவும் வஞ்சிரமும் நண்டும் அவளே செவுளைத் தூக்கிப் பார்த்து, நண்டின் ஓட்டை அழுத்திப் பார்த்து எடுத்தாள். முள்ளையும் தலையையும் கொதிக்க வைத்து, வடிகட்டி, தக்காளியும் சோம்பும் பூண்டும் வதக்கிச் சேர்த்தோம். நான் அளவு சொன்னேன், அவள் உப்பு போட்டாள். வாயில் வைக்கவில்லை. வைக்காமலே அது சரியாக இருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அடுப்பு முன்னால் நிற்கிறேன், முகத்தில் ஆவி அடிக்கிறது, எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

இறக்கப் போகும் நேரத்தில் சேர்மன் வீட்டம்மா பட்டுப்புடவையில் தாம்பாளத்தோடு உள்ளே வந்தார். தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு கிண்ணம் கல்லுப்பு. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடிபோனால் முதலில் உள்ளே போவது உப்புதான். உப்பு என்றால் லட்சுமி. "மொத மொதல்ல வெள்ளக்காரரு நம்ம எடத்துல கை நனைக்கறாரு. லச்சுமி கை வச்ச மாதிரி இருக்கணும்" என்று கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒரு கைப்பிடி உப்பை அள்ளி என் சூப்பில் போட்டார்.

எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஏற்கெனவே போட்டாச்சும்மா" என்றேன்.

"மங்களத்துக்குப் போடறத யாராவது அளவு பாத்தா போடுவாங்க?"

"ஒரே ஒரு சொட்டு பாத்துக்கறேம்மா. தனி ஸ்பூன்ல."

"வந்தவரு வாயில வக்கிறதுக்கு மின்னாடியா?" என்று கேட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

என் கையில் ஸ்பூன் இருந்தது. வாயில் வைத்தால் கிச்சன் போச்சு. வைக்காவிட்டாலும் போச்சு, ஆனால் போகாமலும் இருக்கலாம். அந்த "இருக்கலாம்" தான் என்னைக் கெடுத்தது. சென்னையில் ஆம்பிளைகளைத் தள்ளிக்கொண்டு அடுப்புக்கு வந்தவள், ஒரு பட்டுப்புடவைக்கு முன்னால் ஸ்பூனைக் கீழே வைத்தேன். முள் வேகவைத்த தண்ணீர் மிச்சத்தை ஊற்றினேன், உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டேன், தக்காளி பிழிந்தேன். எல்லாம் குருட்டுக் கணக்கு. அதற்குள் வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பரிமாறும்வரை பிரெஞ்சுக்காரர் காத்திருக்கவில்லை. நேராக வந்து மூடியைத் திறந்து, மேஜையிலிருந்த கரண்டியை உள்ளே விட்டு ஒரு வாய் எடுத்து உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். சந்தேகமாக இருந்ததோ என்னவோ, வாயில் வைத்த அதே கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டு இன்னொரு வாய் குடித்தார். ஏதோ சொன்னார். மச்சான் தமிழில் சொன்னார்: "அடுப்புல இருக்கும்போது யாருமே ருசி பாக்கலையான்னு கேக்கறாரு."

பிரெஞ்சுக்காரர் சிரித்துக்கொண்டே அதே கரண்டியை மூன்றாவது தடவை சூப்பில் முக்கி, பக்கத்தில் நின்ற சேர்மன் வீட்டம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினார், குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். மறைக்காமல் சொல்கிறேன், கொண்டாட்டமாகவே இருந்தது. இப்போது சொல்லட்டும், எச்சில் என்று இப்போது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லட்டும். மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லட்டும்.

அந்தம்மா வாயைத் திறந்தார். போட்டோக்காரரின் கேமரா பளிச்சிட்டது. வாங்கிக்கொண்டார். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வெட்கமாகச் சிரித்து, "ஆமா, உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்குது" என்றார். சேர்மனும் கையை நீட்டி அதே கரண்டியை வாங்கி ஒரு வாய் குடித்தார். மச்சானும் குடித்தார். அந்தக் கரண்டி கோயில் தீர்த்தம் மாதிரி சுற்றி வந்தது.

பிறகு சேர்மன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எறக்கறதுக்கு மின்னாடி உப்பு பாக்க மாட்டியா? கிச்சன்ல நிக்கறவளுக்கு இதுகூடத் தெரிய வேணாமா?"

"நீங்கதான சார் பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மச்சானைப் பார்த்தார், நான் என்ன சொன்னேன் என்று கேட்கிற மாதிரி. மச்சான் வேறு எதையோ சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் சொன்னது தமிழோடு நின்றுபோனது.

அவர் ஆலோசகராக இருக்கச் சம்மதித்தார். சூப்பைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் பிடித்திருந்ததாம். அவருடைய முதல் ஆலோசனை, ருசி பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள் என்பது. அதை இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கிச்சன் சுவரில் மாட்டினார்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன் வந்தது. இரண்டு இல்லை, ஒன்றுதான். அவர் அப்படித்தானே பார்த்தார். பிள்ளைகள் நக்கி நக்கிச் சட்டியில் விட்டார்கள், சேர்மன் வீட்டுக் கேரியர் அதற்குப் பிறகும் தினமும் நிறைந்துதான் போனது. கிச்சன் தொப்பி சாரிடமே இருந்தது. "நம்பி ஒரு தடவ குடுத்துப் பாத்தேனே" என்று சேர்மன் ஸ்டாஃப் ரூமில் வருத்தப்பட்டதாகச் சொன்னார்கள்.

அந்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் கரண்டியை நீட்டுகிறார், சேர்மன் வீட்டம்மா வாயைத் திறந்திருக்கிறார், சேர்மன் பக்கத்தில் பூரித்து நிற்கிறார். ஓரத்தில் சூப் பாத்திரத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரியும். முன்கைத் தழும்பு வரிசையைப் பார்த்தால், அது யார் கை என்று எனக்குத் தெரியும். ரிசப்ஷனைத் துடைப்பது ஹவுஸ்கீப்பிங் வகுப்பின் வேலை. அதனால் தினமும் காலையில் என் பிள்ளைகளை அந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, கோடு விழாமல் துடைக்க வைப்பது என் வேலையானது.

ஒரு வாரம் கனகசெட்டிக்குளத்துப் பெண்ணின் முறை வந்தது. ஈரத் துணியை ஓட்டிவிட்டு, காய்ந்த துணியை எடுத்தவள் அந்தக் கையின் மேல் வந்து நிறுத்தினாள். "மேம், எறக்கறதுக்கு மின்னாடி ருசி பாக்கணும்னு நீங்க மொத வகுப்புலயே சொன்னீங்க. ரெண்டு ஸ்பூனு குடுத்து" என்றாள்.

"அந்தம்மா வாய்கிட்ட கோடு நிக்குது பாரு. அதத் தொட" என்றேன்.

துடைத்தாள்.